வண்டியை நிறுத்த இடமில்லையாம்

ஒரு நகரத்தைப் பார்க்க வந்தவளைக் காருக்குள் அடைத்துவைத்து, அந்தக் காரை எங்கே நிறுத்துவது என்ற ஒரே கவலையில் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கரைத்துவிட்டு, இரவு வீடு திரும்பியதும் "ஹைதராபாத்தை முழுசாக் காட்டிட்டேன் பாரு" என்று மனநிறைவோடு சொல்லும் தோழியை என்ன செய்வது? உங்கள் வாழ்விலும் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அன்பானவர், உள்ளூர்க்காரர், சொந்தமாகக் கார் வைத்திருப்பவர், விருந்தாளியின் கால் தரையில் பட்டால் தன் விருந்தோம்பலுக்கே இழுக்கு என்று உறுதியாக நம்புகிறவர். அந்த அன்புக்குப் பயந்துதான் நாம் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறோம். இனி நான் வாய்மூடி இருக்கப்போவதில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று பல வாரங்களுக்கு முன்பே அவளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். மூசி ஆற்றின் மேலுள்ள நயாபுல் பாலத்திலிருந்து சார்மினார் வரைக்கும் நடக்கவேண்டும். வழியில் பத்தர்கட்டியின் கல் வளைவுகளுக்குக் கீழே முத்துக் கடைகளைப் பார்க்கவேண்டும். குல்சார் ஹௌஸ் நீரூற்றருகே நின்று, அதைச் சுற்றியுள்ள கமான் என்னும் நான்கு வளைவு வாயில்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். எங்காவது ஒரு மூலைக் கடையில் ஈரானித் தேநீரும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, எழுந்து போகச் சொல்லும் வரைக்கும் உட்கார்ந்திருக்கவேண்டும். இவ்வளவுதான். அவள் நகரின் மேற்கிலுள்ள கச்சிபௌலியில் இருக்கிறாள். ராயதுர்கத்தில் மெட்ரோ ஏறி அமீர்பேட்டையில் மாறினால், மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து சார்மினார் இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். காலை எட்டு மணிக்குக் கிளம்பியிருந்தால் பத்து மணிக்கெல்லாம் நாங்கள் பழைய நகரத்தின் நடுவில் நின்றிருப்போம்.

"உன்னை மெட்ரோல ஏத்தி, ரோட்டுல நடக்கவச்சு, அம்மா கேட்டா நான் என்னடி சொல்றது?" என்றாள். சென்னையில் விடுதியில் என்னோடு தங்கிப் படித்தபோது கற்ற தமிழை இன்றுவரை மறக்காதவள். அந்தத் தமிழில் அவள் மறுக்கும்போது கோபிக்கவும் முடிவதில்லை. பேருந்திலாவது போகலாம் என்றேன். தெலங்கானா பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்துகளில் 2023 டிசம்பர் முதல் கட்டணமே கிடையாது. அந்தச் சலுகை நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூட அவள் பேருந்தில் ஏறியதில்லை. தன் வீட்டருகே எந்த எண் வண்டி வரும் என்பதும் தெரியாது. பிறந்து வளர்ந்த ஊரின் பேருந்து எண் ஒன்றுகூடத் தெரியாதவர் எனக்கு எந்த நகரத்தைக் காட்டுவார்?

முதலில் கோல்கொண்டா கோட்டை. ஃபதே தர்வாஸா என்னும் அந்தப் பழைய வாயில் பீரங்கியும் யானையும் நுழைந்து பார்த்த வாயில். இன்று அதற்குள் எதிரெதிராக இரண்டு கார்கள் நுழைந்து, யார் பின்வாங்குவது என்ற வாக்குவாதத்தில் நின்றுகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று எங்களுடையது. கோட்டையின் நுழைவாயிலில் கைதட்டினால் மலையுச்சியிலுள்ள பாலா ஹிஸாரில் அந்த ஓசை கேட்கும் என்பது ஊரறிந்த செய்தி. கீழே கைதட்டினோம். மேலே போய்க் கேட்கவேண்டும் அல்லவா? பாதிப் படிகள் ஏறியதும் அவள் நின்றுவிட்டாள். வண்டியை ஒரு கடையின் கதவை மறைத்தபடி விட்டு வந்திருக்கிறோம், கடைக்காரர் வந்து திறந்தால் சத்தம் போடுவார், இறங்கிவிடலாம் என்றாள். குதுப் ஷாஹி அரசர்கள் கட்டிய கோட்டையின் உச்சியை, ஒரு மூடிய கடையின் கதவுக்காக விட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்பினோம். நாங்கள் வந்து வண்டியை எடுத்தபோதும் அந்தக் கடை திறக்கப்படவில்லை.

அடுத்து மதிய உணவு. பச்சை இறைச்சியை மசாலாவில் ஊறவைத்து, அரைவேக்காட்டு அரிசியை அதன்மேல் பரப்பி, மூடியின் விளிம்பை மாவால் அடைத்துத் தம்மில் வேகவைக்கும் கச்சி பிரியாணி இந்த ஊரின் பெருமை. அதைச் சாப்பிடத்தான் காலையில் வெறும் தேநீரோடு வந்திருந்தேன். அவள் என்னை ஒரு வணிக வளாகத்துக்கு அழைத்துச்சென்று பாஸ்தா வாங்கிக்கொடுத்தாள். பிரியாணிக் கடைகளில் வண்டி நிறுத்த இடமில்லையாம். வளாகத்தில் தரைக்குக் கீழே மூன்று தளங்கள் இருக்கின்றனவாம். எந்த ஊரிலும் கிடைக்கும் ஒரு தட்டை ஹைதராபாத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதற்கு ஒரே காரணம், அந்தத் தட்டுக்கு அடியில் ஒரு கார் நிறுத்தம் இருந்தது என்பதுதான். எந்த உணவை உண்பது என்பதைக்கூட வண்டி தீர்மானிக்கும் வாழ்க்கையை இவர்கள் வசதி என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அபிட்ஸ் பகுதியின் நடைபாதைகள் பழைய புத்தகங்களால் நிறைந்திருக்கும். மூடிய கடைகளின் முன்னே தரையில் பரப்பி, அடுக்கி, குவித்து வைத்திருப்பார்கள். அந்த வழியாகத்தான் சென்றோம். கண்ணாடிக்கு அப்பால், கைநீட்டினால் எட்டும் தொலைவில், உருதும் தெலுங்கும் ஆங்கிலமுமாகப் புத்தகங்கள் கடந்துபோயின. நிறுத்து என்றேன். வண்டியை நிறுத்த இடமில்லை என்றாள். மெதுவாகவாவது போ என்றேன். பின்னால் ஒலிப்பான் அடிக்கிறார்கள் என்றாள்.

இதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது நயாபுல்லுக்குப் பிறகு நடந்தது.

மாலை நான்கு மணிக்கு நாங்கள் பாலத்தின் மேல் நின்றோம். நின்றோம் என்றால் வண்டி நின்றது. பாலத்துக்கு முன்னரே அஃப்சல்கஞ்சில் உஸ்மானியா மருத்துவமனையைக் கடந்திருந்தோம். 1908 செப்டம்பரில் மூசி பெருகி நகரத்தையே அடித்துச்சென்றபோது, ஏறத்தாழ நூற்றைம்பது பேர் ஏறி உயிர்பிழைத்த புளியமரம் அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அந்த மரத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆற்றங்கரையில் உயர்நீதிமன்றத்தின் குவிமாடங்கள் மாலை வெயிலில் ஒளிர்ந்தன. பாலத்தில் நடப்பவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். கையில் பையோடு ஒரு பாட்டியும், தோளில் குழந்தையோடு ஒருவரும், வேர்க்கடலை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு சிறுவனும் தாண்டிப் போனார்கள். அத்தனை பேரும் சார்மினாரை அடைந்து, பார்த்து, வீடு திரும்பியிருப்பார்கள். நாங்கள் பாலத்தின் மறுமுனைக்கு வந்தோம்.

மதீனா சந்திப்பை அடைந்தபோது மணி நாலரை. அங்கிருந்து நேராகப் பார்த்தால், கமான் வளைவுக்குப் பின்னால் சார்மினாரின் மினார்கள் தெரிகின்றன. 1591-இல் முகம்மது குலி குதுப் ஷா எழுப்பிய கட்டடம், கண்ணெதிரே, ஒரே நேர்கோட்டுச் சாலையின் முடிவில், பத்து நிமிட நடையில் நிற்கிறது. சார்மினாரைச் சுற்றி வாகனங்களை அனுமதிப்பதில்லை. மிக நல்ல ஏற்பாடு. நடந்து வருபவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. நான் இறங்கி நடக்கிறேன், நீ வண்டியை நிறுத்திவிட்டு வா என்றேன். கதவின் பிடியில் கைவைத்துவிட்டேன். அவள் கதவைப் பூட்டினாள். "தனியா விட்டா தொலைஞ்சு போயிடுவே" என்றாள். நேர்கோட்டில் போகும் சாலையில், தலைக்கு மேலே நான்கு மினார்களை அடையாளமாக வைத்துக்கொண்டு, கையில் அலைபேசியோடு, முப்பதைக் கடந்த ஒரு பெண் எப்படித் தொலைந்துபோவாள்? கேட்டேன். பதில் இல்லை. வண்டியை வலப்புறம் திருப்பினாள். மினார்கள் மறைந்துபோயின.

அதன்பிறகு நாங்கள் சுற்றிய சந்துகளை என்னால் வரைபடத்தில்கூடக் காட்ட முடியாது. குலி குதுப் ஷாவின் அமைச்சர் மீர் மோமின் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்த நகரமைப்பு பல்லக்கும் குதிரையும் மனிதக் கால்களும் போவதற்காக உருவானது. அதற்குள் எங்கள் அகலமான வண்டி நுழைந்து, கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, ஒரு தள்ளுவண்டிக்காரரைச் சுவரோடு ஒட்டவைத்து, ஓர் ஆட்டோவைப் பின்னுக்குத் தள்ளி, கில்வத் பகுதிக்கு வந்து சேர்ந்தது. அங்கே வாகன நிறுத்தம் நிரம்பிவிட்டது. ஒரு சுற்று சுற்றி மீண்டும் வந்தோம். அப்போதும் நிரம்பியிருந்தது. சௌமஹல்லா அரண்மனையின் நுழைவாயிலில் கில்வத் கடிகாரம் என்று புகழ்பெற்ற பழைய கடிகாரம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கடந்தோம். ஒவ்வொரு முறையும் முள் நகர்ந்திருந்தது. நிஜாம்களின் தர்பார் மண்டபம் அந்த வாயிலுக்கு உள்ளே இருந்தது. முதல் சுற்றில் திறந்திருந்த வாயில் கடைசிச் சுற்றில் மூடியிருந்தது. அரண்மனைக்கு அவ்வளவு அருகில் அத்தனை முறை போய், உள்ளே ஓர் அடிகூட வைக்காமல் திரும்பியவள் நான்.

இறுதியில் ஒரு காலி மனைக்குள் வண்டியை விட இடம் கிடைத்தது. அங்கிருந்தவர் கேட்ட தொகையை அவள் மறுபேச்சின்றிக் கொடுத்தாள். அந்தப் பணத்தில் நாங்கள் இருவரும் அந்த மாதம் முழுவதும் ஈரானித் தேநீர் குடித்திருக்கலாம். இறங்கி ஓடினேன். சார்மினாரின் மாடிக்கு ஏற ஐந்தரை மணி வரைக்கும்தான் அனுமதி. நான் போய்ச் சேர்ந்தபோது கட்டணச் சீட்டுத் தரும் இடம் மூடிக்கிடந்தது.

மெட்ரோ சார்மினாருக்குப் போகாதே, அதனால்தான் காரில் வந்தோம் என்று அங்கே நின்றுகொண்டு எனக்கு விளக்கம் வேறு சொன்னாள். அதுவும் என் கோபத்தைக் கூட்டியது, ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. மெட்ரோவின் பச்சைத் தடம் ஜூபிலி பேருந்து நிலையத்திலிருந்து பழைய நகரத்தைக் கடந்து ஃபலக்நுமா வரைக்கும் போவதாகத்தான் திட்டம். 2020 பிப்ரவரியில் மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தோடு நிறுத்தித் திறந்தார்கள். மிச்சமிருந்த ஐந்தரை கிலோமீட்டருக்கு 2024 மார்ச்சில்தான் அடிக்கல் நாட்டினார்கள். தொழில்நுட்ப அலுவலகங்களுக்கு 2019-லேயே போய்ச் சேர்ந்த ரயில், நகரம் பிறந்த இடத்துக்கு மட்டும் வராமல் ஆற்றங்கரையில் நின்றது. அந்த மக்களுக்கு இழைத்த அநீதி அது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஐந்தரை கிலோமீட்டரில் எங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டே கிலோமீட்டர். அதைக் கடக்க இறைவன் எங்கள் இருவருக்கும் கால்களைக் கொடுத்திருக்கிறான். எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு வந்து அடைத்துக்கொண்டால், ரயில் வரும்வரை அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்கள் எதில் போவார்கள், எந்த வழியில் போவார்கள்?

லாட் பஜாரில் அரக்கு வளையல் செய்பவரின் எதிரே நின்றேன். உருகிய அரக்கை இழுத்து வளைத்து, சிறு கண்ணாடிக் கற்களைச் சூடு ஆறுவதற்குள் ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருந்தார். அந்த நாளில் நான் உண்மையாகவே பார்த்த ஒரே ஹைதராபாத் அதுதான். வளையலின் விலையைக் கேட்க வாயெடுத்தபோது என் தோளைத் தட்டினாள். இருட்டுவதற்குள் கிளம்பினால்தான் மெஹ்திபட்டினம் நெரிசலைத் தாண்ட முடியும், வண்டி நிற்கும் மனைக்காரர் ஏழு மணிக்கு மேல் வண்டி நின்றால் இன்னொரு மடங்கு கேட்பார் என்றாள். தேநீர்? வீட்டில் போட்டுத்தருகிறேன் என்றாள். போட்டும் தந்தாள், இரவு ஒன்பதரை மணிக்கு, ஏலக்காய் தட்டி, மிகுந்த அன்போடு.

அந்த அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவள் வீட்டில் எனக்காகத் தனி அறை ஒதுக்கி, புதுப் போர்வை வாங்கி வைத்திருந்தாள். நாள் முழுவதும் ஓட்டி ஓட்டி அவளுக்கு முதுகுவலியே வந்துவிட்டது. அதுதான் என்னை இன்னும் எரியவைக்கிறது: அவளும் எதையும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பிறகு சார்மினாரின் மேல் ஏறியதே இல்லையாம். இருபது ஆண்டுகளாகத் தன் சொந்த ஊரை முன்கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்துக்கொண்டு, அதன் நெரிசலைத் திட்டிக்கொண்டு, அந்த நெரிசலுக்குள் தினமும் இன்னொரு காரைக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த ஆண்டும் வருவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அறை கச்சிபௌலியில் வேண்டாம்; நாம்பள்ளியில் விடுதி எடுத்துத் தங்கிக்கொள்கிறேன். என்னைப் பார்க்க ஆசையிருந்தால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ராயதுர்கத்தில் மெட்ரோ ஏறி அவள் வரட்டும். நாம்பள்ளிக்கு மெட்ரோ போகிறது.