நடை ஒன்றுபோல இருந்தால் ஆளும் ஒன்றா?

"முகத்தை மூடினாலும் நடையை மறைக்க முடியாது. இரண்டும் ஒரே ஆள்தான், நீங்களே பாருங்கள்" என்று இரண்டு சிசிடிவி காட்சிகளை ஒட்டிய ஃபார்வர்டு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கண்ணுக்கு ஒரே நடையாகத் தெரிவது சான்று ஆகாது.

நடையில் ஆளைப் பற்றிய தகவல் கொஞ்சம் இருப்பது உண்மைதான். 1977இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கட்டிங், லின் கோஸ்லோவ்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும், ஒருவரோடொருவர் பழகிய ஆறு நண்பர்களின் மூட்டுகளில் ஒளி தெறிக்கும் டேப்பை ஒட்டி நடக்கவிட்டார்கள். திரையில் தெரிந்தது நகரும் புள்ளிகள் மட்டும். நடப்பது யார் என்று பார்த்துச் சொன்னவர்களும் அதே நண்பர்கள்தான். சரியாகச் சொன்னது சுமார் 38 சதவீதம். குருட்டாம்போக்கில் சொன்னாலே 17 வந்திருக்கும். பழகியவர்களுக்கே இந்த நிலை! 'புல்லட்டின் ஆஃப் தி சைக்கோனாமிக் சொசைட்டி' இதழில் அந்தக் கட்டுரையைப் பார்க்கலாம்.

தெருமுனையில் வரும் அம்மாவை நடையிலேயே கண்டுபிடிக்கிறோமே என்பீர்கள். சரி, ஆனால் புடவை, கைப்பை, வழக்கமாக வரும் நேரம் எல்லாம் கூடவே காட்டிக்கொடுக்கின்றன. அப்புறம், வார் அறுந்த செருப்பு போதும், அவர் நடையே மாறிவிடும்.

துப்பு கொடுக்கும் வீடியோ என்று தோன்றினால் காவல் நிலையத்தில் கொடுங்கள். குழுக்களுக்கு இனி அனுப்ப வேண்டாம்.