எதுக்கெடுத்தாலும் மீட்டர் தப்பா?

டேங்க் வழிஞ்சாலும் தண்ணி லெவல் காட்டுற மீட்டர் தப்பு, நெறயலன்னாலும் மீட்டர் தப்பு. பாண்டில தண்ணி சப்ளை பக்கம் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனா இருக்கேன், இத சொல்லி சொல்லி வாய் வலிக்குது. நேத்து ராத்திரி 11 மணிக்கு போன், லெவல் தப்பா காட்டுதுப்பா உடனே வான்னு. மழைல போயி மல்டிமீட்டர லூப்ல, அதான் மீட்டர் சிக்னல் வர்ற ஒயர்ல, போட்டுப் பாத்தா 12 மில்லிஆம்ப் வருது, 4 வந்தா காலி, 20 வந்தா ஃபுல்லு, அப்ப 12ன்னா சரிபாதிதான. ஏணில ஏறி டேப் விட்டு அளந்தாலும் பாதிதான் இருக்கு. லெவல அளந்து அனுப்புற டிரான்ஸ்மிட்டர் கரெக்ட்டாதான் சொல்லுது, இன்லெட் வால்வ யாரோ முக்கால்வாசி மூடி வச்சிருக்காங்க! அத மொதல்ல பாத்திருக்கலாம்ல?

இதெல்லாம் கூட பரவால்ல, எனக்கு வயித்தெரிச்சலே ஒயரெல்லாம் சேர்ற டெர்மினல் பாக்ஸ் மூடிதான். தொறக்குறவங்க திருப்பி டைட் பண்றதே இல்ல, தண்ணி உள்ள போகாம தடுக்குற கேஸ்கெட் எங்கயோ கெடக்கும். இது கடலோர ஊருங்க, உப்புக் காத்து உள்ள போச்சுன்னா செம்புல பச்ச புடிச்சிடும், ஐப்பசி கார்த்திகைல மழத்தண்ணியும் சேந்து எறங்கும், அப்புறம் ரீடிங் ஆடாம என்ன செய்யும்?

தண்ணில குளோரின் எவ்ளோ இருக்குன்னு பாக்குற அனலைசருக்கும் இதே கதி. கடைசி வீட்டுக் குழாய்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் நிக்கணும், ஆனா சென்சாருக்கு வர்ற சாம்பிள் லைன அடைச்சி வச்சிட்டு ரீடிங் வரலன்னா எப்டி வரும்? ஜனங்க குடிக்கிற தண்ணிங்க அது. அந்த மூடிய இன்னும் ரெண்டு சுத்து முறுக்குங்க, அவ்ளோதான் கேக்குறேன்.