மெகாபிக்சல் கூடினால் இருட்டிலும் படம் பளிச்சென்று வருமா?

"கொடைக்கானல் போறீங்களா? மெகாபிக்சல் அதிகமுள்ள கேமராவா வாங்குங்க, இருட்டுலயும் படம் பளிச்னு வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

இருட்டில் கைகொடுப்பது சென்சாரின் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) அளவும் லென்ஸின் திறப்பும்தான். கேனானின் இக்ஸஸ் 285, ஜி7 எக்ஸ் மார்க் 2 கேமராக்கள் இரண்டுமே 20 மெகாபிக்சல். ஆனால் இக்ஸஸின் சென்சார் சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மற்றதில் 13.2-க்கு 8.8 மி.மீ.; பரப்பில் நான்கு மடங்கு. திறப்பும் எஃப் 3.6-க்குப் பதில் எஃப் 1.8 (எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது), அதிலொரு நான்கு மடங்கு. ஆக, ஒரே ஷட்டர் வேகத்தில் (ஒளி உள்ளே விழும் நேரம்) 16 மடங்கு வெளிச்சம்!

அந்தி சாய்ந்தபின் ஏரிக்கரையில் எடுத்துப் பாருங்கள். சின்ன சென்சார் கேமரா ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கூட்டிக்காட்டும் அளவு) ஏற்றிவிடும். தண்ணீரெல்லாம் ரவை கொட்டியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். இக்ஸஸில் ஜூமை முழுக்க இழுத்தால் திறப்பு எஃப் 7 ஆகச் சுருங்கும், இன்னும் மோசம். பகலில் தூண் பாறையைக் கிட்டத்தில் இழுக்க இக்ஸஸே போதும், விலையும் குறைவு.

கோக்கர்ஸ் வாக் நடைபாதையின் மூடுபனியில் எந்தக் கேமராவானாலும் ஃபிளாஷ் வேண்டாம். நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பியடித்து முகத்தின்மேல் வெள்ளைப் பொட்டுகளாக விழும். கைப்பிடிக் கம்பிமேல் கேமராவை அழுத்தி வைத்து, 2 விநாடி டைமர் போடுங்கள்.