புதிதாக ஹெட்செட் மாட்டியவரிடம் ஏ.எச்.டி கேட்காதீர்கள்

கால் சென்டரில் சேர்ந்தவர்கள் சில வாரத்திலேயே வேலையை விட்டுப் போவதற்குக் காரணம் கஸ்டமர் திட்டுவதுதான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஃப்ளோரில், அதாவது அழைப்புகளை எடுக்கும் கூடத்தில், புதியவர்கள் பக்கத்தில் நின்று உதவுகிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். நான் பார்த்தவரை திட்டு இரண்டாவது காரணம்தான், முதல் காரணம் திரையின் மூலையில் ஓடுகிற அந்த டைமர்.

ட்ரெய்னிங் வகுப்பில் எல்லாமே நன்றாகத்தான் போகும். நெஸ்டிங், அதாவது ட்ரெய்னிங் முடிந்து மேற்பார்வையில் பழகும் கட்டம், வந்து நிஜ அழைப்பு எடுக்க ஆரம்பித்ததும்தான் ஆள் ஆடிப்போவார். காதில் ஒரு பீப், அடுத்த நொடியே எதிர்முனையில் ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பித்திருப்பார், இவர் இன்னும் கணக்கையே திறந்திருக்க மாட்டார். ஒரு விண்டோவில் கஸ்டமர் விவரம், இன்னொன்றில் பழைய டிக்கெட்டுகள் (முன்பு பதிவான புகார்கள்), மற்றொன்றில் பதில் தேட வேண்டிய நாலெட்ஜ் பேஸ், எங்கே க்ளிக் செய்வது என்று தெரியாமல் மவுஸ் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடும். "ஹலோ, இருக்கீங்களா?" என்று கஸ்டமர் கேட்பதற்குள் டைமர் சிவப்பாகியிருக்கும். பாவம், அவர் கண் அப்போது பதிலைத் தேடாது, அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த டைமருக்குப் பின்னால் இருப்பதுதான் ஏ.எச்.டி, அதாவது ஒரு அழைப்புக்கு ஆகும் சராசரி நேரம். பேசியது, ஹோல்டில் வைத்தது, அழைப்பு முடிந்தபின் குறிப்பு எழுதியது எல்லாம் அதில் அடக்கம். டீம் லீடர்கள் இதைப் பிடித்துத் தொங்குவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. அரை மணி நேரத்தில் 100 அழைப்பு, ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 600 நிமிட வேலை, கணக்குப்படி 20 பேர் போதும். ஆனால் போதாது, ஏனென்றால் அழைப்புகள் வரிசையாக வராது, திடீரென்று கொத்தாக வரும், அப்புறம் சும்மா இருக்கும். 80 சதவீத அழைப்புகளை 20 நொடிக்குள் எடுக்க வேண்டும் என்ற வழக்கமான இலக்கை வைத்தால் 25 பேர் வேண்டும். இந்தக் கணக்கை நூறு வருடத்துக்கு முன்பே போட்டவர் எர்லாங், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த டென்மார்க் கணிதக்காரர். அவருடைய சூத்திரத்தை வைத்துத்தான் இன்றைக்கும் ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என்று முடிவு செய்கிறார்கள். அந்த 6 நிமிடம் 7 ஆகிவிட்டால் அந்த 25 பேரில் 23 பேருக்கு மேல் இடைவிடாமல் அழைப்பிலேயே இருக்க வேண்டியிருக்கும், அப்போது ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் வரிசை நீளும். அதனால் மேலே இருப்பவர்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தப் பதற்றத்தை நெஸ்டிங்கில் இருக்கும் ஆளின் தலையில் இறக்குவது தப்பு, இதை எத்தனை மீட்டிங்கில் வேண்டுமானாலும் சொல்வேன். பதில் தெரிந்தவருக்கு நேரம் தானாகக் குறையும். பதில் தெரியாதவரை அவசரப்படுத்தினால் அவரிடம் இருப்பது மூன்றே வழிகள்: வேறு டிபார்ட்மென்டுக்குத் தள்ளிவிடுவது, அரைகுறை பதில் சொல்லி அனுப்புவது, குறிப்பு எழுதாமல் டிக்கெட்டை மூடுவது. மூன்றிலும் ஏ.எச்.டி அழகாக இறங்கும். அதே கஸ்டமர் மறுநாள் இன்னும் கோபமாகத் திரும்பக் கூப்பிடுவார், அந்த அழைப்பு வேறொரு புதியவர் காதில் போய் விழும். மிச்சம் பிடித்த இரண்டு நிமிடத்துக்கு இன்னொரு முழு அழைப்பைக் கொடுத்திருக்கிறோம், இதில் என்ன லாபம்? முதல் இரண்டு மாதம் டேஷ்போர்டில் புதியவர்கள் பெயருக்கு நேராக அந்த ஏ.எச்.டி கட்டத்தையே காட்டாதீர்கள். அதே பிரச்சினைக்கு எத்தனை பேர் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று பாருங்கள், அது போதும்.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம் வேறு. பேச்சுத் திறமையைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். நன்றாகப் பேசுபவர்கள் பலர் திணறுவதையும், தயங்கித் தயங்கிப் பேசுபவர்கள் நல்ல க்யூ.ஏ (அழைப்பின் தரத்தைச் சோதித்துத் தரும்) மதிப்பெண் வாங்குவதையும் தினமும் பார்க்கிறேன். வித்தியாசம், அழைப்பில் அமைதி விழும்போது என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. "உங்கள் போன மாத பில்லைத் திறக்கிறேன், கொஞ்சம் மெதுவாக வருகிறது" என்று செய்வதை அப்படியே சொன்னால் கஸ்டமர் காத்திருப்பார். ம்யூட் செய்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கேட்கப் போனால் கஸ்டமருக்கு லைன் கட்டாகிவிட்டதோ என்றுதான் தோன்றும். கேட்டே ஆக வேண்டுமென்றால் சொல்லிவிட்டு ஹோல்டில் போடுங்கள், இரண்டு நிமிடம் என்று சொன்னால் பதில் கிடைக்காவிட்டாலும் இரண்டு நிமிடத்துக்குள் திரும்ப வந்து பேசுங்கள்.

கோபமான அழைப்பில் "உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது" என்ற ஸ்க்ரிப்ட் வரியை முதலில் எடுக்காதீர்கள். மூன்றாவது முறை கூப்பிடுகிறவருக்கு அது எண்ணெய் ஊற்றியது மாதிரி. "நீங்கள் ஏற்கெனவே இரண்டு தடவை பேசியிருக்கிறீர்கள் என்று பதிவில் தெரிகிறது, முதலிலிருந்து சொல்ல வேண்டாம், நான் படிக்கிறேன், தப்பாக இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். குரல் இறங்குவது காதிலேயே தெரியும். ஆனால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் முன்பு பேசியவர் ஒழுங்காகக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும், அதனால்தான் அந்தக் கடைசி ஒரு நிமிடத்தைக் குறைக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

குரலையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் சத்தம் இருந்தால் நாம் அறியாமலே சத்தமாகப் பேசுவோம், லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் சத்தம் கூட்டினால் ஃப்ளோர் முழுக்கக் கூட்டும், ஷிஃப்ட் முடியும்போது தொண்டை கட்டியிருக்கும். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகப் பேசினாலே போதும், அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். நைட் ஷிஃப்ட் என்றால் லீவு நாளிலும் தூங்கும் நேரத்தை முழுவதுமாகப் புரட்டிப் போடாதீர்கள், உடம்பு தாங்காது.

அசிங்கமாகப் பேசுபவர்களை எச்சரித்துவிட்டு அழைப்பைத் துண்டிக்கலாம் என்று பல இடங்களில் விதி உண்டு. உங்கள் ப்ராசஸில், அதாவது நீங்கள் வேலை செய்யும் க்ளையன்ட் பிரிவில், அது எப்படி என்று ட்ரெய்னிங்கிலேயே, எல்லோர் முன்னாலும், வாய்விட்டுக் கேளுங்கள். அப்படி ஒரு அழைப்புக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஹெட்செட்டைக் கழற்றி வைக்க அனுமதி கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். அந்த ஐந்து நிமிடத்தைத் தராத டீம் லீடர் அடுத்த மாதம் அதே நாற்காலிக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

விட்டுவிடலாமா என்று மெசேஜில் கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சிஸ்டம் கைக்கு வரவில்லை, பதில் தெரியவில்லை, பீப் கேட்டாலே வயிறு கலங்குகிறது என்றால் இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாருங்கள், பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகிவிடுகிறது. ஆனால் பணம் திரும்ப வராது என்று திரையில் தெரியும்போதே "வந்துவிடும்" என்று சொல்லச் சொல்கிறார்கள் என்றால் அது பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை. வேறு ப்ராசஸ் கேளுங்கள், தரவில்லை என்றால் வேறு இடம் தேடத் தொடங்குங்கள்.