லிங்கன் படம் வாங்குமுன் அட்டையைத் திருப்புங்கள்

"இதுவரை யாரும் பார்த்திராத ஆபிரகாம் லிங்கன்!" இணைய ஏலத்தில் இப்படி ஒரு படம் அடிக்கடி தலைகாட்டும். தாடியும் ஒட்டிய கன்னமும் இருந்தால் போதும், லிங்கனாம். உறுதி செய்யப்பட்ட அவருடைய படங்கள் சுமார் 130தான். முகச்சாயலை நம்பிப் பணம் போடுவது லாட்டரி, சேகரிப்பு இல்லை.

தொடங்குபவர்களுக்கு 1860களின் கார்ட் டி விசிட்தான் சரி. ஏறத்தாழ 2½ × 4 அங்குல அட்டையில் ஒட்டிய அல்புமின் படம், அதாவது முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் பிரதியெடுத்த போட்டோ. முகத்தைப் பார்க்குமுன் பின்பக்கத்தைப் பாருங்கள். அக்காலப் புகைப்படக்காரர் மேத்யூ பிரேடியின் ஸ்டுடியோ நெகட்டிவிலிருந்து நியூயார்க் ஆன்டனி நிறுவனம் வெளியிட்டது என்று அச்சிட்டிருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். மூலைகள் கூராக இருக்க வேண்டும். வட்ட மூலை பொதுவாக 1870க்குப் பிந்தையது.

ரெவின்யூ ஸ்டாம்ப் இருக்கிறதா? 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை அமெரிக்காவில் போட்டோவுக்கு வரி இருந்தது. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட். ஸ்டாம்ப் சொல்வது விற்ற காலத்தை, எடுத்த காலத்தை அல்ல. பழைய ஸ்டாம்பைத் தேடிப்பிடித்து ஒட்டுகிற கில்லாடிகளும் உண்டு. பேனாவால் அடித்த ரத்துக் கோடு ஸ்டாம்பைத் தாண்டி அட்டையிலும் ஓடியிருந்தால் கொஞ்சம் நிம்மதி.

அடுத்து 10 மடங்கு லென்ஸ். செய்தித்தாள் படம் மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு, வைத்துவிடுங்கள். அல்புமினில் மெல்லிய படலத்தின் ஊடே காகித நாரே தெரியும். வெளிச்சமான இடங்கள் மஞ்சளித்திருக்கும். புறஊதா விளக்கில் பளீரென்று நீலமடித்தால் காகிதம் பெரும்பாலும் 1950களுக்குப் பிந்தையது.

இத்தனையும் தாண்டி ஏமாற்றுவது அந்தக் காலத்துக் கள்ளப்பிரதி. 1864 பிப்ரவரி 9 அன்று பிரேடி ஸ்டுடியோவின் புகைப்படக்காரர் ஆன்டனி பெர்கர் எடுத்த, லிங்கனும் மகன் டாடும் ஆல்பம் பார்க்கும் படத்தை ஏகப்பட்ட பேர் நகலெடுத்து விற்றார்கள். (அது பைபிள் என்று இன்னமும் எழுதுகிறார்கள், ஸ்டுடியோவில் கிடந்த போட்டோ ஆல்பம்தான்.) அசலில் முடி இழை இழையாக, கோட்டின் மடிப்பு தனித்தனியாகத் தெரியும். நகலில் இரண்டும் ஒரே கருப்பு. அட்டை, காகிதம், ஒட்டு எல்லாமே பழசு, அதனால் சோதனைகளில் தேறிவிடும். வாங்கலாம், ஆனால் அசல் விலைக்கு அல்ல.

டாகெரோடைப்பிலும் (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுப்பது) டின்டைப்பிலும் (மெல்லிய இரும்புத் தகட்டில் எடுப்பது) படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி விழும். லிங்கனுக்கு மரு வலக் கன்னத்தில். ஆகவே இவற்றில் அது நம் பார்வைக்கும் வலப்பக்கமே வரவேண்டும். இடப்பக்கம் இருந்தால், அது வேறொரு படத்தின் நகலோ என்று சந்தேகியுங்கள்.

டாகெரோடைப்பை மட்டும் திறந்து துடைக்காதீர்கள். துணி பட்டால் வெள்ளித் தகட்டிலிருந்து முகமே போய்விடும். கார்டுகளுக்கு பாலியெஸ்டர் உறை. பிவிசி கூடவே கூடாது.