ஃப்ரிட்ஜ் சுமந்த கோவேறு கழுதை

(மொராக்கோவின் ஃபெஸ் நகரம். மதிலுக்குள் இருக்கும் பழைய ஊர். கார் நுழைய முடியாத சந்து. மலைக்கிராமத்திலிருந்து புதிதாக வந்த சுமைக்காரன். அவனுடைய கோவேறு கழுதையின் முதுகில் ஒரு ஃப்ரிட்ஜ். தோல்செருப்புக் கடை ஹாஜி எட்டிப் பார்க்கிறார்.)

சுமைக்காரன்: பாலக்! பாலக்! விலகுங்கள்!

ஹாஜி: யாரை விலகச் சொல்கிறாய், தம்பி? என் கடையையா?

சுமைக்காரன்: மன்னியுங்கள் ஹாஜி. அந்தலூசியர் பேட்டைக்கு எப்படிப் போவது? கைபேசி வரைபடத்தைப் பார்த்தால் நான் ஆற்றுக்குள் நிற்கிறேன்.

ஹாஜி: அவர்களிடமா? 818இல் ஸ்பெயினின் கொர்தோபாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் அக்கரை. துனீசியாவின் கைரவானிலிருந்து வந்த நாங்கள் இக்கரை. இரண்டு ஊர், இரண்டு மதில். 11ஆம் நூற்றாண்டில் அரசர் யூசுஃப் இப்னு தாஷுஃபீன் வந்து நடுமதிலை இடித்து ஒரே ஊராக்கிவிட்டார். அவசரப்பட்டுவிட்டார்.

சுமைக்காரன்: இன்னுமா கோபம்?

ஹாஜி: கோபம் எதற்கு? என் மருமகளே அக்கரைதான். அதனால்தான் சொல்கிறேன். எந்த வாசலில் நுழைந்தாய்?

சுமைக்காரன்: பாப் பூ ஜுலூத். வெளியே நீலம், உள்ளே பச்சை. அந்தப் பழைய வாசல்.

ஹாஜி: பழையதா? 1913இல் கட்டியது! என் தாத்தா சாகும்வரை அதைப் புது வாசல் என்றுதான் சொன்னார்.

சுமைக்காரன்: மணி என்ன, ஹாஜி? பத்துக்குள் வரச் சொன்னார்கள்.

ஹாஜி: தலா கபீரா தெருவில் தண்ணீர்க் கடிகாரத்தைத் தாண்டி வந்துவிட்டு என்னிடம் கேட்கிறாயே! 1357இல் வைத்தது. எப்படி ஓடியது என்று தெரிந்தவர் இன்று ஒருவரும் இல்லை.

சுமைக்காரன்: நேரே போகட்டுமா?

ஹாஜி: நேரே இந்த ஊரை உருவாக்கிய மௌலாய் இத்ரீஸின் அடக்கத்தலம். சந்தின் குறுக்கே மரக்கட்டை இருக்கிறது. மனிதர் குனிந்து போகலாம், கழுதைக்கு அனுமதியில்லை. உன் ஃப்ரிட்ஜ் குனியுமா?

சுமைக்காரன்: சுவாரா தோல் தொட்டிகள் பக்கமாகச் சுற்றினால்?

ஹாஜி: சுண்ணாம்பிலும் புறா எச்சத்திலும் தோல் ஊறுகிற இடம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் மூக்கில் பிடித்துக்கொள்ளப் புதினா கொடுப்பார்கள். கழுதை புதினாவைத் தின்றுவிட்டு அங்கேயே குடியேறிவிடும். ர்ஸீஃப் சதுக்கத்துக்குப் போய்ப் பாலத்தைத் தாண்டு. அதுவரை வண்டியே வரும்.

சுமைக்காரன்: வண்டியா? விடிந்ததிலிருந்து மேட்டிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறேனே!

ஹாஜி: ஃப்ரிட்ஜ் விற்றவர் சொல்லவில்லையா? பாவம், கழுதை.

சுமைக்காரன்: சரி, நான் கிளம்புகிறேன்.

ஹாஜி: எங்கே கிளம்புவது? முன்னால் பச்சைத் தோல் மூட்டையோடு ஒரு கழுதை. பின்னால் கேஸ் சிலிண்டரோடு இன்னொன்று. நகர இடமிருந்தால் நான் 818இலிருந்தா ஆரம்பித்திருப்பேன்? உட்கார், தேநீர் வருகிறது. 859இல் ஃபாத்திமா என்ற எங்கள் கைரவான் பெண் கரவிய்யீன் பள்ளிவாசலைக் கட்டிய கதை இன்னும் பாக்கியிருக்கிறது.