அலாஸ்காவின் சால்மன் படகுகள் இழுவை மடி போடுவதில்லை

‘அலாஸ்காவின் சால்மன் படகுகள் இழுவை மடியால் கடலை வழிக்கின்றன, கேட்க ஆளில்லை’ என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு. ட்ரோல் (தூண்டில் இழுத்துப் பிடிப்பது), ட்ரால் (இழுவை மடி) என்ற ஒலி ஒற்றுமை செய்த குழப்பம். நம் ஊர் விசைப்படகுகளை நினைத்தால் குழம்புவது இயல்புதான். ட்ரோல் படகில் வலையே கிடையாது. இரை கோத்த தூண்டில் நூல்களை மெதுவாக இழுத்துச் சென்று, மீனை ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள்.

கேட்கவும் ஆளுண்டு. சினூக் என்ற சால்மன் வகை 28 அங்குலத்துக்குக் குறைந்தால் கடலில் விட்டாக வேண்டும். அமெரிக்காவும் கனடாவும் 1985இல் செய்த பசிபிக் சால்மன் உடன்படிக்கையின்படி சினூக் பிடிப்புக்கு வரம்பும் இருக்கிறது. அந்த வரம்பை எட்டியதும் சினூக் பிடிக்கும் பருவம் மூடப்படும். அலாஸ்கா மாநில மீன், வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் இந்த விதிகளைப் பார்க்கலாம். தகவல் உங்களுக்கு வந்திருந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.